நல்ல சமையல் கத்தி: எதை ஒப்பிடுவது, எதை மாற்றுவது

சமையல் கத்தி மேல் பிரியம் உள்ள இரண்டு பேர் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்திலேயே எஃகின் பெயர் வந்துவிடும். விஜி-10, ஆவோகாமி, எஸ்ஜி2. அடுத்து கடினத்தின் எண்: 60, 62, 64. பக்கத்தில் நின்று கேட்கும் புதியவருக்கு, எண் கூடக்கூடக் கத்தி நன்றாக வெட்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரு கத்தி கேரட்டுக்குள் தடையில்லாமல் இறங்குமா, பாதியில் சிக்கி அதைப் பிளக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அலகின் வடிவம்தான். தீட்டிய கூர் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வி வரும்போதுதான் எஃகின் முறை வருகிறது. இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் இரண்டு கத்திகளை ஒப்பிடுவதும், கையில் இருக்கும் கத்தியை நமக்கேற்ப மாற்றுவதும் எளிதாகிவிடும்.

கூருக்குப் பின்னால் இருப்பது

வெட்டும்போது கூர்விளிம்பு பொருளைத் திறந்துவிடுகிறது. அப்புறம் அந்தத் திறப்பு வழியாக அலகு முழுவதும் நுழைந்தாக வேண்டும். தக்காளி, வெள்ளரி போன்றவை விலகி வழிவிடும். கேரட், பூசணி மாதிரி விறைப்பான காய்கள் விலகாது. அங்கே அலகு ஓர் ஆப்பாகிவிடுகிறது. ‘டக்’ என்ற சத்தத்தோடு துண்டு உடைந்து விழுந்தால், கத்தி அதை வெட்டவில்லை, பிளந்திருக்கிறது. கைமுடியை மழிக்கும் அளவுக்குக் கூர் இருந்தாலும் இது நடக்கும்.

அதனால்தான் ஆர்வலர்கள் கூருக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிமன் என்று பார்க்கிறார்கள். மெல்லிய வேலைக்கான கத்திகளில் அந்த இடம் 0.2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். முரட்டு வேலைக்கான கத்திகளில் அரை மில்லிமீட்டரையும் தாண்டும். கேட்க அற்ப வித்தியாசம்தான். கேரட்டுக்குள் இறக்கிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு கருவிகள்.

முதுகின் தடிமன் இதைச் சொல்லாது. முதுகு 3 மில்லிமீட்டர் இருக்கும் ஒரு கத்தி கீழே போகப்போக நன்றாக மெலிந்திருந்தால், முதுகு 2 மில்லிமீட்டரே இருந்தும் கீழே சரியாக மெலியாத இன்னொரு கத்தியை விட சுலபமாக வெட்டும். இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கைப்பிடியை ஒட்டி, கூர் முடியும் அடிப்பகுதியைக் குதி என்று வைத்துக்கொள்வோம். கத்தியைத் தலைகீழாகப் பிடித்து, குதிப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கிப் பாருங்கள். அலகின் குறுக்குவெட்டு அப்படியே தெரியும். இந்த ஒரு கோணம் தெளிவாகத் தெரியும் படம் கிடைத்தால், விற்பவர் சொல்லும் மற்ற விவரங்களில் பாதி எனக்குத் தேவைப்படாது. முதுகு கைப்பிடியிலிருந்து நுனி வரை மெலிந்துகொண்டே போகிறதா என்பதையும் கூடவே பாருங்கள். நுனி மெல்லியதாக இருந்தால்தான் வெங்காயத்தில் படுக்கைவாட்டில் கீறுவது இதமாக இருக்கும்.

அப்படியானால் முடிந்த அளவு மெல்லியதாக்கிவிட்டால் போதுமா? போதாது. பக்கங்கள் முழுக்கத் தட்டையாக இருக்கும் மெல்லிய அலகில் உருளைக்கிழங்குத் துண்டுகள் ஒட்டிக்கொண்டே வரும். பக்கங்கள் லேசாகப் புடைத்திருந்தால் துண்டுகள் விலகி விழும். ஆனால் அந்தப் புடைப்பே விறைப்பான காயில் கொஞ்சம் தடையாகவும் இருக்கும். கூருக்கு அருகே மெலிவும் அதற்கு மேலே அளவான புடைப்பும் சேர்ந்த அலகைச் செதுக்குவதுதான் தீட்டுபவரின் திறமை. விலை உயர்ந்த கைவேலைக் கத்திகளில் நாம் பெரும்பகுதி பணம் கொடுப்பது இதற்குத்தான்.

ஜப்பானின் சக்காய் நகரத்தில் இது நன்றாகத் தெரியும். அங்கே வழக்கமாக அலகை அடிப்பவர் ஒருவர், அதைச் சாணையில் வடிவமாக்கித் தீட்டுபவர் இன்னொருவர், பிடி பொருத்துபவர் வேறொருவர். ஒரே கொல்லர் ஒரே எஃகில் அடித்த இரண்டு அலகுகள் வேறு வேறு தீட்டுபவர் கையில் போனால், வெட்டும்போது இரண்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் சக்காய் கத்திகளைப் பற்றிப் பேசும்போது கொல்லரின் பெயரோடு தீட்டியவரின் பெயரையும் கேட்பார்கள்.

அலகின் பக்கவாட்டுத் தோற்றமும் கவனிக்க வேண்டியதுதான். கூர்விளிம்பு வயிறு போல் நன்றாக வளைந்திருந்தால், நுனியைப் பலகையில் ஊன்றி ஆட்டி ஆட்டி வெட்டலாம். ஜெர்மானியக் கத்திகள் பெரும்பாலும் இந்த வகை. விளிம்பு நேராகப் போனால் முன்னே தள்ளியோ நேராக இறக்கியோ வெட்ட வேண்டும். காய்களுக்கென்றே உள்ள நகிரி அப்படிப்பட்டது. பிரெஞ்சுச் சமையல் கத்தியின் வழியில் ஜப்பானில் உருவான க்யூட்டோ இரண்டுக்கும் நடுவில் நிற்கும். உங்கள் கை எப்படி வெட்டிப் பழகியிருக்கிறதோ அதற்கேற்ற வளைவைத் தேர்ந்தெடுங்கள். முதல் நல்ல கத்தியாக 210 மில்லிமீட்டர் க்யூட்டோவைத்தான் நான் சொல்வேன். இடம் குறைவான மேடை என்றால் 165 முதல் 180 மில்லிமீட்டர் வரை வரும் சான்டோகு என்ற ஜப்பானியப் பொதுக் கத்தி. யானகிபா, தேபா போல ஒரு பக்கம் மட்டும் சரிவு உள்ள கத்திகளைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள். அவை மீனுக்கென்று உருவானவை. கெட்டியான காயில் இறக்கினால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். வலக்கைக்காரருக்கு ஒன்று, இடக்கைக்காரருக்கு ஒன்று என்று தனித்தனியாக வேண்டும்.

எஃகும் அதன் எண்ணும்

எஃகு என்பது இரும்போடு கொஞ்சம் கார்பன் சேர்ந்தது. நல்ல சமையல் கத்திகளில் கார்பன் ஏறத்தாழ அரை சதவீதத்திலிருந்து ஒன்றேகால் சதவீதம் வரை இருக்கும். குரோமியம் போதுமான அளவு சேர்ந்தால் துருப்பிடிப்பது பெரிதும் குறைகிறது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி இப்படி ஓர் எஃகை வார்த்தார். இன்று நம் சமையலறைகளில் இருக்கும் துருப்பிடிக்காத கத்திகளுக்கெல்லாம் அது முன்னோடி.

கடினத்தை ராக்வெல் அளவில் சொல்கிறார்கள். வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ எடையின் விசையோடு எஃகில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. குறைவாக இறங்கினால் எண் பெரிது. ஜெர்மானியச் சமையல் கத்திகள் பொதுவாக 56 முதல் 58 வரை. விஜி-10 பெரும்பாலும் 60, 61. ஜப்பானியக் கார்பன் எஃகுகளும் (குரோமியம் அதிகம் சேராத, துருப்பிடிக்கும் வகை) தூள் எஃகுகளும் 62 முதல் 65 வரை போகும்.

இந்த எண் பெரிதாக இருந்தால் என்ன லாபம்? மெல்லிய கூர் மடங்காமல் நிற்கும். ஒரு பக்கத்துக்கு 10, 12 பாகை என்று ஒடுக்கமாகத் தீட்டலாம். மென்மையான எஃகை அப்படித் தீட்டினால் பலகையில் பட்டுப்பட்டு விளிம்பு சீக்கிரம் சாய்ந்துவிடும். அதனால்தான் அவற்றுக்கு 15 முதல் 20 பாகை. நட்டம் என்ன என்றால், கடினம் கூடினால் நொறுங்கும் குணமும் கூடும். எலும்பு, உறைந்த இறைச்சி, பழக்கொட்டை, கண்ணாடிப் பலகை எல்லாம் கடினமான மெல்லிய கூரைப் பல்பல்லாக உடைத்துவிடும். மென்மையான எஃகு அதே இடத்தில் மடங்கும். மடங்கியதை நிமிர்த்திவிடலாம். உடைந்ததை அரைத்துத்தான் சரிசெய்ய முடியும். வேகமாக, முரட்டுத்தனமாக வேலை நடக்கும் சமையலறைக்கு 57 எண் கத்தி தாழ்ந்த தேர்வு இல்லை, பொருத்தமான தேர்வு.

கடினம் மட்டும் கூரைக் காப்பதில்லை. எஃகுக்குள் குரோமியம், வனேடியம், டங்ஸ்டன் போன்றவை கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற மிகக் கடினமான துகள்களாக உட்கார்ந்திருக்கும். காங்கிரீட்டில் ஜல்லி இருப்பது போல. இந்தத் துகள்கள் தேய்மானத்தைத் தடுக்கும். அவை பெரிதாகவும் ஒழுங்கில்லாமலும் இருந்தால் கூர்விளிம்பிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். தூள் எஃகில் உருக்கிய உலோகத்தை நுண்துளிகளாகத் தெளித்து உறையவைத்து, பிறகு அழுத்தி ஒன்றாக்குவதால் துகள்கள் சிறிதாகவும் சீராகவும் அமைகின்றன. எஸ்ஜி2 இந்த வகை. ஷிரோகாமி என்ற ஜப்பானியக் கார்பன் எஃகு இதற்கு நேர் எதிர். ஏறக்குறைய இரும்பும் கார்பனும் மட்டும்தான். துருப்பிடிக்கும், வெட்டி முடித்த கையோடு துடைக்க வேண்டும். ஆனால் கல்லில் வைத்தால் சில நிமிடங்களில் அற்புதமான கூர் வரும். அதன் உறவான ஆவோகாமியில் டங்ஸ்டனும் கொஞ்சம் குரோமியமும் கூடுதலாக இருப்பதால் கூர் சற்று நீடிக்கும்.

இதோடு எஃகுக்குப் பதமேற்றுவது என்ற பெரிய விஷயம் இருக்கிறது. எளிய கார்பன் எஃகை ஏறத்தாழ 800 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பார்கள். அப்போது அது கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். மறுபடியும் 150, 200 பாகையில் மெல்லச் சூடாக்கித் தேவையான அளவு கடினத்தை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்குவார்கள். ஒரே பெயர் கொண்ட எஃகு ஒருவர் கையில் சிறந்ததாகவும் இன்னொருவர் கையில் சுமாராகவும் போவது இந்த இடத்தில்தான். பெயரை மட்டும் வைத்து எஃகை ஒப்பிட முடியாது என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணமும் இதுதான்.

அலை அலையாகக் கோடு ஓடும் டமாஸ்கஸ் அலகுகள் எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் இன்று கடைகளில் வரும் அத்தகைய கத்திகளில் பெரும்பாலானவற்றில் அந்த அடுக்குகள் மேலுறை மட்டுமே. வெட்டுவது நடுவில் இருக்கும் ஒற்றை எஃகு. 33 அடுக்கா, 67 அடுக்கா என்பதால் கூர் மாறாது. அழகுக்காக வாங்குவதில் தவறே இல்லை. வெட்டும் திறனைக் கணக்கிடும்போது மட்டும் அதை ஒதுக்கிவிடுங்கள்.

ஊர்ப் பெயரையும் அதே நிதானத்தோடு பார்க்க வேண்டும். ஜெர்மனியின் சோலிங்கன் என்ற பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த முத்திரை கத்தி எங்கே, எந்த அடிப்படைத் தரத்தில் செய்யப்பட்டது என்பதற்கு உத்தரவாதம். கூருக்கு மேலே தடிமன் எவ்வளவு என்று அது சொல்லாது.

நேர்மையான ஒப்பீடு

புதிதாக வந்த கத்தியைப் பழைய கத்தியோடு அப்படியே வைத்து வெட்டிப் பார்த்து, புதியது பிரமாதம் என்று சொல்வது வழக்கம். அந்த இடத்தில் ஒப்பிட்டது கத்திகளை இல்லை, தீட்டி எத்தனை நாளாயிற்று என்பதைத்தான். தொழிற்சாலைக் கூரும் ஒரு நிறுவனத்துக்கு ஒரு மாதிரி வரும். ஆகவே இரண்டு கத்திகளையும் முதலில் ஒரே கல்லில் ஒரே கோணத்தில் தீட்டிவிட வேண்டும். 1000 எண் கல்லே போதும் (எண் கூடக்கூடக் கல் நைசாக இருக்கும்). விளிம்பில் பிசிறு (மறுபக்கம் மடங்கி நிற்கும் மெல்லிய உலோக ஓரம்) எழும் வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், கடைசியில் பிசிறை மென்மையாக எடுத்துவிட வேண்டும். வேண்டுமானால் 3000 எண் கல்லில் முடித்துக்கொள்ளலாம்.

சரி, எதை வெட்டிப் பார்ப்பது? ஒவ்வொரு பொருளும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். கேரட்டின் தடித்த பகுதி தடிமனைக் காட்டிக்கொடுக்கும். துண்டுகள் ஒட்டுகின்றனவா என்று உருளைக்கிழங்கில் பார்க்கலாம். பழுத்த தக்காளியின் தோல், கூருக்குப் பிடிப்பு இருக்கிறதா என்று சொல்லும். நுனி எப்படி என்பதற்கு வெங்காயம். காகிதத்தை வெட்டிக் காட்டுவது பார்க்க நன்றாக இருக்கும். கூரில் எங்காவது உடைவோ பிசிறோ மிச்சம் இருந்தால் காகிதம் அந்த இடத்தில் தடுக்கும், அந்த வகையில் பயன் உண்டு. கத்தியின் குணத்தைப் பற்றி அது வேறெதுவும் சொல்லாது.

கூர் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதை அளக்க ஷெஃபீல்டில் உள்ள காட்ரா என்ற ஆய்வு நிறுவனத்தின் பெயரிலேயே ஓர் இயந்திரம் இருக்கிறது. மணல்துகள் கலந்த அட்டைக் கட்டைக் கத்தி முன்னும் பின்னுமாக அறுக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கை தடவை அறுத்து முடிப்பதற்குள் மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் அட்டை அறுபட்டது என்பதே மதிப்பெண். எஃகுகளை ஒப்பிட இது மிக உதவும். ஆனால் அதே எஃகை ஒடுக்கமான கோணத்தில் தீட்டினால் மதிப்பெண் கணிசமாக ஏறும். கோணம் சொல்லப்படாத அட்டவணையை நம்பாதீர்கள். மேலும் சமையலறையில் கூர் போவதற்கு உராய்வு மட்டும் காரணம் இல்லை. பலகையில் மோதி மடங்குவது, சின்னச் சின்னதாக உடைவது, புளிப்புப் பட்டு அரிப்பது எல்லாமே உண்டு.

எடையையும் சமநிலையையும் தராசில் பார்க்காதீர்கள், பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடியைக் கவ்வ, மற்ற மூன்று விரல்களும் கைப்பிடியைச் சுற்றும் பிடிதான் கட்டுப்பாட்டுக்கு நல்லது. கத்தி நிறை சமமாக நிற்கும் புள்ளி அந்த இரு விரல்களுக்கு அருகே இருந்தால் கத்தி கைக்கு அடங்கும். கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்தால் அலகே தன் எடையால் இறங்கும். எது உயர்வு என்று இல்லை. நீண்ட நேரம் வெட்டுபவருக்கு இரண்டாவது பிடிக்கும், நுணுக்கமாக நறுக்குபவருக்கு முதலாவது.

மாற்றுவது என்றால்

முதல் மாற்றம் கோணம். வாங்கிய கத்தி 20 பாகையில் வந்திருந்தால், 15க்குக் கொண்டுவந்து பாருங்கள். விளிம்பு உடைந்தால் அடுத்த முறை ஒரு பாகை, இரண்டு பாகை ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கும் பலகைக்கும் அந்த எஃகு எவ்வளவு தாங்கும் என்பது இப்படித்தான் தெரியவரும்.

அடுத்தது முதுகும் குதியும். பல நல்ல கத்திகளில்கூட முதுகின் ஓரங்கள் சதுரமாக, கூர்மையாக விடப்பட்டிருக்கும். மேலே சொன்ன பிடியில் ஆள்காட்டி விரல் அந்த ஓரத்தில்தான் உரசும். அரை மணி நேரம் வெட்டினால் தோல் சிவந்துவிடும். இதைச் சரிசெய்வது சுலபம், பலனோ பெரிது. கூர்விளிம்பைத் தடித்த அட்டையால் மூடி டேப் சுற்றுங்கள். கத்தியை முதுகு மேலே வரும்படி உறுதியாகப் பிணைத்துக்கொள்ளுங்கள். துணி ஒட்டிய உப்புத்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, இரு முனைகளையும் பிடித்து முதுகின் மேல் மாற்றி மாற்றி இழுங்கள். 240 எண்ணில் தொடங்கி 400, 800, 1500 என்று போனால் ஓரம் உருண்டு, தொட்டால் வழவழப்பாகிவிடும். குதியின் உட்பக்கத்துக்கும் இதே வேலை. மின்சாரச் சாணையை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். மெல்லிய எஃகு கண நேரத்தில் சூடேறும். எஃகு நீலம் பாரித்தால் ஏறக்குறைய 300 பாகையைத் தொட்டிருக்கிறது. கார்பன் எஃகில் பதம் அந்த இடத்தில் போய்விட்டது என்று பொருள்.

மெலிக்கும் வேலை கொஞ்சம் பொறுமை கேட்கும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கூர் கொஞ்சம் மேலே ஏறி, அலகின் தடித்த பகுதியை நெருங்குகிறது. அதனால் நல்ல கத்தியும் காலப்போக்கில் ஆப்பாகத் தொடங்கும். 220 அல்லது 400 எண் கல்லில் அலகைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, விரல் அழுத்தத்தைக் கூருக்குச் சற்று மேலே கொடுத்து, இரு பக்கமும் சமமாகத் தேய்க்க வேண்டும். மணிக்கணக்கில் ஆகலாம். பக்கங்களில் கீறல் விழும், அதை உப்புத்தாளால் அலகின் நீளவாக்கில் தேய்த்து மறைக்கலாம். சுமாரான கத்தியை நல்ல கத்தியாக மாற்றும் ஒரே வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கார்பன் எஃகில் நிறம் ஏறுவதைச் சிலர் வேகப்படுத்துவார்கள். கடுகு விழுதையோ வினிகரையோ பூசிச் சற்று நேரம் விட்டால் சாம்பல், நீலம் கலந்த படலம் வரும். அது துருவை ஓரளவு தடுக்கும் ஆக்சைடு. செம்பழுப்பு நிறம் தெரிந்தால் அது துரு, உடனே தேய்த்து எடுத்துவிட வேண்டும். இயல்பாகச் சமைத்துச் சமைத்து வரும் நிறமே எனக்கு அழகாகத் தெரிகிறது. டமாஸ்கஸ் கோடுகள் மங்கிப்போனால் பெர்ரிக் குளோரைடு கரைசலில் முக்கி மறுபடி எழுப்பலாம். நிக்கல் உள்ள அடுக்கு பளிச்சென்று நிற்க, மற்றது கறுக்கும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம், முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவ வேண்டும்.

கைப்பிடி மாற்றுவதுதான் ஆர்வலர்களுக்கு மிகப் பிடித்த வேலை. இதற்கு ஜப்பானிய வகைப் பிடி தோதானது. அலகின் பின்பகுதி ஒல்லியான வாலாக நீண்டு, மரப்பிடிக்குள் நுழைந்திருக்கும், அவ்வளவுதான். பிடியின் முன்முகத்தில் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியால் பின்னோக்கி மெல்லத் தட்டினால் பெரும்பாலும் கழன்று வந்துவிடும். கூரை முதலில் மூடிக்கொள்ள மறக்காதீர்கள். மேற்கத்தியப் பிடியில் எஃகின் இரு பக்கமும் கட்டைகளை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். அதைத் துளைத்து எடுத்து, புதுக் கட்டையை எஃகின் ஓரத்தோடு சமமாக இழைக்க வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகோடு எடையையும் நினைத்துப் பாருங்கள். வழக்கமான மக்னோலியா மரமும் எருமைக்கொம்புப் பூணும் சேர்ந்த பிடி மிக லேசானது, சமநிலை அலகின் பக்கம் முன்னால் இருக்கும். கருங்காலி போட்டால் அது பின்னால் நகரும். முன்பு அலகே இறங்கி வெட்டிய கத்தி, பிடி மாறியதும் வேறு கத்தியாகத் தோன்றும். தண்ணீர் படும் இடம் என்பதால், வெற்றிடத்தில் பிசின் ஏற்றிய மரத்தைப் பலர் விரும்புகிறார்கள். அது வீங்காது, வெடிக்காது, ஆனால் எடை கூடும். கருங்காலி, ரோஸ்வுட் போன்றவற்றின் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஒத்துக்கொள்ளாது. இழைக்கும்போது முகமூடி அணியுங்கள்.

பொருத்துவதற்கு முன் வாலில் இருக்கும் துருவைச் சுரண்டி எடுங்கள். துளையை வாலின் அளவுக்கு அரத்தால் மெல்ல மெல்ல அகலமாக்கி, பசை இல்லாமலே பலமுறை நுழைத்துப் பாருங்கள். பழைய முறையில் வாலைக் காய்ச்சி மரத்துக்குள் சுட்டு இறக்குவார்கள். அப்படிச் செய்தால் அலகில் ஈரத்துணி சுற்றியிருக்க வேண்டும், சூடு கூர்ப்பகுதிக்கு ஏறவே கூடாது. ஒட்டுவதற்கு எபாக்சி போட்டால் நிரந்தரம். தேன்மெழுகை உருக்கி ஊற்றினால் தண்ணீர் புகாது, பின்னாளில் சூடாக்கிக் கழற்றவும் முடியும். கார்பன் எஃகுக் கத்திக்கு நான் மெழுகையே பரிந்துரைப்பேன், வாலைச் சில வருடங்களுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. பசை இறுகுவதற்குள் கத்தியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, பிடியின் பின்முனையிலிருந்து முதுகை நோட்டம் விடுங்கள். பிடியின் நடுக்கோடும் முதுகும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். பக்கவாட்டிலிருந்தும் ஒருமுறை பார்த்து, பிடி தொங்காமல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, எபாக்சி என்றால் ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விட்டுவிடுங்கள்.